பழைய ஐ7-ஐப் புதிய ஐ3 முந்துவது எப்படி?

"கொழும்பிலிருந்து வந்த செக்கன் ஹேண்ட் ஐ7 மெஷின் ஒன்று இருக்கு அண்ணே, இன்னும் கொஞ்சம் காசு போட்டால் புதுசாக ஐ3 பூட்டித் தர்றோம் என்கிறாங்க, எதை எடுக்கிறது?" ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் கம்பியூட்டர் வாங்கப் போகிற யாரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் இதுதான். கேட்கிறவர் பாதி முடிவு எடுத்துவிட்டுத்தான் கேட்பார். ஏழு மூன்றைவிடப் பெரியது, விலையும் குறைவு, அப்புறம் என்ன யோசனை?

சுருக்கமாகச் சொன்னால், பெரும்பாலானவர்களுக்கு ஐ3தான் சரி. ஆனால் "புதுசு என்றால் நல்லதுதானே" என்று சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது, சிலருக்குப் பழைய ஐ7 போதும் என்பதும் உண்மை, அதனால் இரண்டு புரொசசர்களை, அதாவது மெஷினின் மூளையான இன்டெல் கம்பனிச் சில்லுகளை, எதிரெதிரே வைத்துப் பார்த்துவிடலாம். நம்ம பக்கத்துக்கு வருகிற பழைய ஆபிஸ் மெஷின்களில் அதிகம் காணக்கிடைப்பது இன்டெல் ஐ7-4770. புதிதாகப் பூட்டித் தரும் மலிவான மெஷின்களில் ஐ3-12100. முதலாவது 2013 ஜூனில் வந்தது, இரண்டாவது 2022 ஜனவரியில்.

இந்த ஜோடியை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. இரண்டிலும் 4 கோர் (தனித்தனியே வேலை செய்கிற பகுதி), 8 திரெட் (ஒரே நேரத்தில் கவனிக்கக்கூடிய வேலை வரிசை). பழையதன் அடிப்படை வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 340 கோடி துடிப்பு, உச்சம் 3.9. புதியதன் அடிப்படை 3.3, உச்சம் 4.3. அடிப்படை வேகத்தை மட்டும் பார்த்தால் பழையதுதான் ஒரு நூல் முன்னே நிற்கிறது. இன்டெல் அறிவித்த விலையோ பழையதற்கு 303 டொலர், புதியதற்கு 122 டொலர். கோர் எண்ணிக்கையும் கிகாஹெர்ட்ஸும்தான் வேகம் என்றால் இரண்டும் ஒரே மாதிரி ஓட வேண்டும். ஓடுவதில்லை. ஒரு கோரை மட்டும் வைத்து அளக்கும் சோதனைகளில் ஐ3-12100 ஒன்றரை மடங்குக்கும் மேலே போகிறது, எல்லாக் கோர்களையும் சேர்த்து வேலை வாங்கினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

முதலில் இந்தப் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஐ3, ஐ5, ஐ7 என்பது ஒரே வருடத்தில் வந்த புரொசசர்களுக்குள்ளே இருக்கிற தரவரிசை மட்டும்தான். 2013இன் ஐ7-ஐ 2013இன் ஐ3-உடன் வைத்துப் பார்க்கலாம், அப்போது ஐ3-4130 இல் இருந்தது வெறும் 2 கோர், எனவே ஐ7 அதை நசுக்கிப் போட்டது. ஆனால் வருடம் மாறினால் அந்த வரிசைக்கு அர்த்தமே இல்லை. கோட்டுக்குப் பின்னால் வருகிற எண்ணில் முதல் ஒன்றோ இரண்டோ இலக்கம்தான் தலைமுறை: 4770 என்றால் நான்காவது, 12100 என்றால் பன்னிரண்டாவது. கடைக்காரர் "ஐ7" என்று மட்டும் சொன்னால் பாதித் தகவலைத்தான் சொல்கிறார், எத்தனையாவது தலைமுறை என்று கேட்டே ஆக வேண்டும்.

சரி, நேற்றைய ஐ7இன் 4 கோர் 8 திரெட் இன்றைய ஐ3-க்கு எப்படி வந்தது? இன்டெல் 2008இல் முதல் ஐ7-920-ஐ வெளியிட்டதிலிருந்து 2017 தொடக்கத்தில் வந்த ஐ7-7700கே வரைக்கும், சாதாரண வீட்டு மெஷின்களுக்கான ஐ7 என்றால் 4 கோர் 8 திரெட்தான். ஒன்பது வருடம் கோர் எண்ணிக்கை நகரவே இல்லை. தட்டிக் கேட்க எதிரே ஆள் இல்லை, அதுதான் காரணம் என்பது என் எண்ணம். 2017 மார்ச்சில் போட்டிக் கம்பனியான ஏஎம்டி 8 கோர் ரைசன் புரொசசர்களோடு வந்தது, அதே வருடம் ஒக்டோபரில் இன்டெலின் ஐ7-க்கு 6 கோர் கிடைத்தது, 2020இல் வந்த ஐ3-10100-க்குப் பழைய ஐ7இன் 4 கோரும் 8 திரெட்டும் அப்படியே இறங்கி வந்தன. போட்டி வந்ததால் மேல்மாடிக்காரன் சாமான் கீழ்மாடிக்கு வந்தது, அவ்வளவுதான்.

ஆனால் கோர் சமம் என்றால் சமமாகத்தானே ஓட வேண்டும், இரண்டு மடங்கு எங்கிருந்து வந்தது? இங்கேதான் விஷயமே இருக்கிறது. உச்ச வேகம் 3.9இலிருந்து 4.3-க்குப் போனது வெறும் பத்து சதவீதம். மிச்சம் முழுவதும் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பதிலிருந்து வருகிறது. ஒரே மலையில் தேயிலை பறிக்கிற இரண்டு பேரின் கை நிமிடத்துக்கு ஒரே எண்ணிக்கையில் போய் வந்தாலும், ஒருவர் கைக்கு வருகிற கொழுந்து மற்றவரைவிட அதிகமாக இருந்தால் மாலையில் தராசு வேறு கதை சொல்லும் இல்லையா, கிகாஹெர்ட்ஸ் என்பது கை போய் வருகிற எண்ணிக்கை மட்டும்தான்.

பழைய ஐ7இன் உள்ளே இருக்கிற ஹஸ்வெல் வடிவமைப்பு ஒரு துடிப்புக்கு 4 கட்டளைகளைப் பிரித்து வாசிக்கும். புதிய ஐ3இன் கோர் 6 கட்டளைகளை வாசிக்கும். வாசித்த கட்டளைகளில் எதை முன்னாலே செய்யலாம், எது இன்னொன்றின் விடைக்காகக் காத்திருக்க வேண்டும் என்று பார்த்து வரிசையை மாற்றிச் செய்வதற்குப் புரொசசருக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது, ஹஸ்வெல்லில் அதில் 192 இடம், புதியதில் 512 இடம். பட்டியல் பெரிதாக இருந்தால் ஒரு வேலை தடைப்பட்டு நிற்கும்போது செய்வதற்கு வேறு வேலை கிடைக்கும், கோர் சும்மா நிற்காது. அதோடு, அடுத்து நிரல் எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டியே ஊகிக்கிற பகுதியும் இந்த ஒன்பது வருடத்தில் நிறையவே தேறியிருக்கிறது. ஊகம் தப்பினால் செய்த வேலையை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும், அந்தத் தண்டம் இப்போது குறைவு.

அடுத்தது கேஷ், அதாவது புரொசசருக்குள்ளேயே இருக்கிற சின்ன, மிக வேகமான நினைவகம். பழையதில் ஒவ்வொரு கோருக்கும் 256 கிலோபைட் இரண்டாம் நிலைக் கேஷ், புதியதில் 1.25 மெகாபைட், அதாவது ஐந்து மடங்கு. எல்லாக் கோர்களும் பகிர்ந்துகொள்கிற மூன்றாம் நிலைக் கேஷ் 8 மெகாபைட்டிலிருந்து 12-க்குப் போயிருக்கிறது. தேவைப்பட்டது கேஷில் இல்லையென்றால் வெளியே இருக்கிற பெரிய நினைவகமான ரேமுக்குப் போக வேண்டும், அங்கேயும் பழையது பின்தங்குகிறது: அதில் டிடிஆர்3-1600 ரேம் இரண்டு துண்டு போட்டாலும் நொடிக்கு 25.6 கிகாபைட்தான் அதிகபட்சம், புதியதில் டிடிஆர்4-3200 இரண்டு துண்டு போட்டால் 51.2. சரியாக இரண்டு மடங்கு. இன்னொன்றும் உண்டு. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே வந்தன, அவற்றை அடைக்கக் கொடுத்த திருத்தங்களால் ஹஸ்வெல்லும் அதற்கு முந்தியவையும்தான் கூடுதலாக வேகம் இழக்கும் என்று மைக்ரோசொஃப்ட்டே அப்போது சொன்னது. 2013இல் எடுத்த சோதனைப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு இன்றைக்கு ஒரு 4770 வாங்கினால் அந்த வேகம் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இதெல்லாம் சரி, ஆனால் நம்ம வீட்டில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற இடம் எது என்று கேட்டால் நான் வீடியோவைத்தான் காட்டுவேன். தனி கிராஃபிக்ஸ் கார்ட் போடாத மெஷின்களில் புரொசசருக்குள் இருக்கிற கிராஃபிக்ஸ்தான் படத்தை விரித்துக் காட்டுகிறது. யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற முறைகளில் சுருக்கிய வீடியோவைத்தான் அனுப்புகிறது. பழைய ஐ7இல் இருக்கிற எச்டி 4600-க்கு எச்.264 என்ற பழைய முறை நன்றாகத் தெரியும், விபி9-ஐயும் ஏவி1-ஐயும் தானாகவே விரிக்கிற சுற்று அதில் கிடையாது. அதனால் அந்த வேலை முழுவதும் நான்கு கோர்களின் தலையில் விழுகிறது. பிள்ளை உயர்தர வகுப்பு வீடியோவை 1080 தரத்தில் போட்டுவிட்டுப் பக்கத்தில் ஸூமும் நாலைந்து டேப்பும் திறந்து வைத்தால், விசிறி சத்தம் போடத் தொடங்கும், மெஷின் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டுகிற விண்டோஸ் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் புரொசசர் கோடு மேலே ஏறி நிற்கும். ஐ3-12100இல் இருக்கிற யூஎச்டி 730-க்கு விபி9, ஏவி1, எச்இவிசி என்ற இன்னொரு முறை எல்லாமே தெரியும், அதே வீடியோவுக்குக் கோர்கள் அசைவதே இல்லை.

பழைய மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. பிரவுசரில் எச்264இஃபை என்ற நீட்சியைப் போட்டால் யூடியூபிடம் எச்.264 வீடியோ மட்டும் கேட்டு வாங்கும், 1080 தரத்துக்கு மேலே கிடைக்காது, ஆனால் எச்டி 4600 வேலையை ஏற்றுக்கொள்ளும், விசிறி அடங்கும். காசு செலவில்லாத வைத்தியம்.

கல்யாண வீடியோவும் பூப்புனித நீராட்டு ஆல்பமும் செய்கிற ஸ்டூடியோக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் வலிக்கும். இப்போதைய நல்ல போன்களும் கேமராக்களும் எச்இவிசி முறையில் பதிவு செய்கின்றன, பழைய ஐ7இல் அந்த வீடியோவை எடிட்டிங்கில் இழுத்துப் போட்டால் படம் தத்தித் தத்தித்தான் நகரும், ஒவ்வொரு வெட்டுக்கும் காத்திருக்க வேண்டும். சீசன் நேரத்தில் வரிசையாக வேலை வருகிறவருக்கு நான் தயங்காமல் சொல்வேன், ஐ7 என்ற பெயரை மறந்துவிடுங்கள்.

இப்போது மற்றப் பக்கம். எல்லோரும் வீடியோ வெட்டுவதில்லை. டவுனில் ஒரு கொமினிகேஷன் கடை, போட்டோ கொப்பி, பாமினி எழுத்துருவில் விண்ணப்பங்களும் முறைப்பாட்டுக் கடிதங்களும் டைப் பண்ணி அடித்துக் கொடுப்பது, பரீட்சைப் பெறுபேறு பார்த்துப் பிரிண்ட் எடுப்பது, இதுதான் நாள் முழுக்க வேலை. இந்த வேலையில் புரொசசர் நேரத்தில் பெரும்பகுதி சும்மாதான் இருக்கும். அங்கே மெஷின் மெதுவாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிற பழைய ஹார்ட் டிஸ்க். அதைக் கழற்றிவிட்டு சுற்றுகிற தட்டு இல்லாத, வேகமான சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போட்டு, ரேமை 8 அல்லது 16 கிகாபைட் ஆக்கினால், டைப்பிங் வேலையில் பழைய ஐ7-க்கும் புதிய ஐ3-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளை பைதான் எழுதிப் பழகவும் அது தாராளமாகப் போதும். பழையதென்று சொல்லி ஹஸ்வெல்லை ஒரேயடியாக ஒதுக்கவும் கூடாது, ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி முதலில் வந்தது அதில்தான், அது இல்லாத இரண்டாம், மூன்றாம் தலைமுறை மெஷின்களில் சில புதிய மென்பொருள்களும் கேம்களும் திறக்கவே மாட்டேன் என்கின்றன. ஐ7-2600, ஐ7-3770 என்று யாராவது காட்டினால் அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

விண்டோஸ் விஷயம் ஒரு தலைவலி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது, கூடுதல் பாதுகாப்புத் திருத்தம் வீட்டுப் பாவனையாளர்களுக்கு ஒரு வருடம் மட்டும் நீட்டித்தார்கள். விண்டோஸ் 11 முறைப்படி இன்டெலில் ஏறத்தாழ எட்டாவது தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். நான்காம் தலைமுறை ஐ7இல் சுற்றுவழியில் ஏற்றித் தருகிறார்கள், ஓடவும் ஓடுகிறது, ஆனால் அடுத்த பெரிய அப்டேட் வரும்போது ஏற்றியவரையே தேடிப் போக வேண்டியிருக்கும். உலகம் முழுக்க ஆபிஸ்கள் இந்தத் தலைமுறை மெஷின்களைக் கழித்துக்கட்டுவதற்கும், அவை கொள்கலன் கொள்கலனாக இங்கே வந்து இறங்குவதற்கும் இதுவும் ஒரு காரணம். 2022இல் ரூபாய் விழுந்து டொலர் 200இலிருந்து 360 வரை போனபோது புதிய சாமான் விலை எட்டாத உயரத்துக்குப் போனது, செக்கன் ஹேண்ட் பக்கம் சனம் திரும்பியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

கரண்ட் செலவைப் பற்றியும் தப்பான கணக்கு ஒன்று உலாவுகிறது. பழையதன் வெப்ப அளவு 84 வாட் என்று போட்டிருக்கும், புதியதற்கு அடிப்படை 60 வாட், உச்சத்தில் 89 வாட். "உச்சத்தில் புதியதுதான் கூடக் குடிக்கிறது" என்பார்கள். ஆனால் பில்லில் வருவது வாட் இல்லை, வாட்டை நேரத்தால் பெருக்கி வருகிற அலகு. ஒரு வேலையைப் பழையது 80 வாட்டில் ஒரு மணி நேரம் செய்தால் 80 வாட்-மணி, புதியது அதையே உச்சமான 89 வாட்டிலேயே அரை மணி நேரத்தில் முடித்தாலும் 45-ஐத் தாண்டாது. கரண்ட் எடுக்கிற காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் நம்ம பக்கத்தில்தான் நிரம்பி வழிகின்றன, ஆனாலும் மழைக்காலத்தில் லைட் மினுங்குவது நம்ம வீட்டில்தான், அது தனிக்கதை.

குளிர் பற்றிக் கேட்பவர்களும் உண்டு: நுவரெலியாவில் புரொசசர் சூடாகாதுதானே? ஓரளவுக்கு உண்மை. புரொசசரின் சூடு என்பது அறையின் வெப்பத்துக்கு மேலே ஏறுகிற அளவுதான், எனவே கொழும்பில் 30 பாகையில் தொடங்குகிற மெஷின் நுவரெலியாவில் 16 பாகையில் தொடங்குகிறது. ஆனால் 1,868 மீற்றர் உயரத்தில் காற்று மெலிந்திருக்கும், குளிரால் கொஞ்சம் கனம் கூடினாலும் கொழும்புக் காற்றைவிட ஆறில் ஒரு பங்கு குறைவாகத்தான் இருக்கும், விசிறி ஒவ்வொரு சுற்றிலும் அள்ளிக்கொண்டு போகிற சூடும் அதற்கேற்றபடி குறையும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் லாபம் நம்ம பக்கம்தான், இரண்டு புரொசசருக்கும் பெட்டியோடு வருகிற விசிறியே போதும். மலையகத்தில் மெஷினைக் கொல்வது சூடு இல்லை, ஈரமும் இடியும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், ரவுட்டருக்கு வருகிற வயரையும் சேர்த்து.

இடியில் முதலில் போவது பவர் சப்ளை. இங்கேதான் பழைய ஆபிஸ் மெஷின்களின் மறைந்த செலவு இருக்கிறது. புதிதாகப் பூட்டுகிற மெஷினில் வழக்கமான 24 பின் பவர் சப்ளை, எந்த டவுனிலும் கிடைக்கும், அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். கம்பனி ஆபிஸ் மெஷின்களில் பலவற்றில் தங்களுக்கென்றே செய்த 6 பின், 8 பின் இணைப்புகள்தான், பெட்டியும் ஒல்லி என்றால் சாதாரண பவர் சப்ளை உள்ளேயே போகாது. கொழும்பில் கம்பியூட்டர் கடைகள் இருக்கிற பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா வரைக்கும் ஆள் அனுப்ப வேண்டியிருக்கும். புரொசசர் ஒப்பீட்டில் இது வராது, ஆனால் மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ இருக்கிறவருக்கு இது சோதனைப் புள்ளிகளைவிட முக்கியம்.

ஐ3 பக்கம் போகிறவர்களும் இரண்டு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். 12100எஃப் என்று பின்னால் ஓர் எஃப் இருந்தால் அதில் கிராஃபிக்ஸ் கிடையாது, தனி கார்ட் இல்லாமல் மொனிட்டரில் ஒன்றும் வராது, நான் மேலே சொன்ன வீடியோ லாபமும் இல்லை. மற்றது ரேம்: 16 கிகாபைட்டை ஒரே துண்டாகப் போட்டுத் தரப் பார்ப்பார்கள், எட்டெட்டாக இரண்டு துண்டு கேளுங்கள், இல்லையென்றால் அந்த 51.2 கிகாபைட் பாதியாகிவிடும். 13100, 14100 என்று அடுத்தடுத்த தலைமுறை ஐ3-க்குக் கூடுதல் விலை சொன்னால் அதிகம் யோசிக்க வேண்டாம், உள்ளே இருப்பது அதே 4 கோர்தான், உச்ச வேகம் 4.5, 4.7 என்று கொஞ்சம் ஏறியிருக்கிறது, அவ்வளவே.

ஐ7-4770 ஏற்கனவே வீட்டில் இருந்தால் அதை விற்கப் போகாதீர்கள், கிடைக்கிற காசு ஒன்றுக்கும் காணாது, எஸ்எஸ்டி போட்டு இன்னும் ஓட்டுங்கள், விண்டோஸ் பிரச்சினை பண்ணினால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச லினக்ஸ் மின்ட் அதில் சுகமாக ஓடும். புதிதாக அதைத்தான் வாங்குவேன் என்று நிற்பவர், பெட்டியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை நம்பாமல், கடையிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து புரொசசரின் முழுப் பெயரையும் வாசிக்க வேண்டும். 4770 என்று மட்டும் இருக்கிறதா, பின்னால் டி (T) என்று ஓர் எழுத்து தொங்குகிறதா என்று பாருங்கள். 4770டி என்பது 45 வாட்டுக்குள் அடக்கிய வகை, அடிப்படை வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ்தான், ஐ7 விலைக்கு அதை வாங்கினால் நட்டம். அப்படியே ஒரு யூடியூப் வீடியோவை 1080 தரத்தில் பத்து நிமிடம் ஓட விட்டு, கோடு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.